ஷெல் ஊரிலிருந்து தோன்யாம்பாரே வரை: மூன்று நாள் ‘மிஷன் வரலாற்றுச் சுற்றுலா’ எப்படி இருந்தது?

முதலில் காசு விஷயம், எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆளுக்கு 540 டாலர். ஈக்வடோரில் டாலர்தான் நாட்டுப் பணம், அதனால் மாற்றுக் கணக்குப் போட வேண்டியதில்லை. சிறு விமானத்தில் போகவர, இரண்டு இரவுத் தங்கல், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் அதில் அடக்கம். ரப்பர் பூட்ஸும் அடக்கம் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். நடத்தியவர்களின் பெயரைப் போடப் போவதில்லை. நாலு பேர் சேர்ந்து ஓட்டும் சின்ன நிறுவனம். குறைகளை அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வந்தேன், அது போதும்.

நான் இந்த நாட்டுக்கு வந்தது ஊழியத்துக்காக இல்லை. அமேசான் பக்கம் கோகா என்ற ஊரில், எண்ணெய்க் கிணறுகளுக்குள் இறக்கும் மின்பம்புகளைப் பொருத்திப் பராமரிக்கிறேன். 28 நாள் வேலை, 14 நாள் ஓய்வு. சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். அம்மா முப்பது வருடம் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை. வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) வந்தால் ஃபிளானல் துணி மாட்டிய பலகையில் அம்மா படம் ஒட்டுவார்: ஒரு மஞ்சள் விமானம், ஒரு ஆறு, ஐந்து வெள்ளைக்காரர்கள், ஈட்டியோடு சிலர். ஜிம் எலியட்டும் அவருடைய நான்கு தோழர்களும் ‘ஆக்கா இந்தியர்’களிடம் போய் இரத்த சாட்சியாக மரித்த கதை. பின்வரிசையில் நாங்கள் “அக்கா இந்தியர், தங்கச்சி இந்தியர்” என்று சிரித்து அடி வாங்கியிருக்கிறோம். அந்த ஆறு நான் வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஒரு நாள் பயணத்தில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கோகாவிலிருந்து தேனா வழியாகப் புயோவுக்குப் பஸ். அங்கிருந்து ஷெல் பத்துப் பதினைந்து நிமிடம்.

ஷெல் என்பது ஊரின் பெயர். பெட்ரோல் பங்கில் பார்க்கிற அதே ஷெல்தான். 1930களின் கடைசியில் அந்த நிறுவனம் எண்ணெய் தேடி இங்கே வந்து, மலையடிவாரத்தில் ஓடுதளம் போட்டது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில், தேறாது என்று மூட்டை கட்டியது. அவர்களுடைய ஆட்களிலும் சிலர் காட்டுக்குள் ஈட்டிக்கு இரையாகியிருக்கிறார்கள். அவர்கள் விட்டுப் போன ஓடுதளத்தில்தான் மிஷனெரி விமானங்கள் வந்து இறங்கின. அராஹுனோ என்ற இடத்தில் அந்த ஐவரில் ஒருவரான எட் மெக்கல்லியின் குடும்பம் தங்கியிருந்ததும் ஷெல் கைவிட்ட முகாமில்தான். எண்ணெய் இந்தக் கதையில் கடைசியில் வந்து சேர்ந்த வில்லன் என்று நினைத்திருந்தேன். முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அம்மாவின் பலகையில் அதற்குப் படம் இல்லை.

முதல் நாள் முழுக்க ஷெல்லில். ஐவரில் விமானியாக இருந்த நேட் செயின்ட் குடியிருந்த மரவீட்டைப் பழுதுபார்த்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மூன்று நாளில் வழிகாட்டி நன்றாகச் செய்தது இந்த வீட்டில்தான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐவரும் ஆற்றங்கரைக்கு இறங்குவதற்கு முன், 1955 அக்டோபரிலிருந்து வாராவாரம் விமானத்திலிருந்து பரிசுப் பொருட்களை இறக்கினார்கள் இல்லையா, அது எப்படி என்று ஒரு நூலையும் வீட்டுச் சாவியையும் வைத்துச் செய்து காட்டினார். விமானம் நீளமான கயிற்றோடு இறுக்கமாக வட்டமடிக்கும்போது, கயிற்றின் நுனியில் இருக்கும் வாளி வட்டத்தின் நடுவுக்கு வந்து அசையாமல் தொங்கும். கீழே இருப்பவர் கை நீட்டி எடுத்துக்கொள்ளலாம், திருப்பி எதையாவது வைத்தும் அனுப்பலாம். நேட் செயின்ட் தானே கண்டுபிடித்த முறை. பம்பும் கம்பியுமாகப் பிழைக்கிறவன் நான், இந்த மூளையைப் பார்த்து அசந்துபோனேன். மேலிருந்து அலுமினியக் கெண்டி, வெட்டுக்கத்தி, துணிமணி போனது. கீழிருந்து இறகுக் கிரீடம், சுட்ட குரங்கு வால், கூடைக்குள் ஒரு கிளி வந்தது. கிளி வழியில் சாப்பிட வாழைப்பழத் துண்டும் வைத்திருந்தார்கள்.

1956 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை. மாலை 4:30க்கு மறுபடி கூப்பிடுகிறேன் என்று நேட் ரேடியோவில் சொல்லியிருந்தார். அவர் மனைவி மார்ஜ் இந்த வீட்டில்தான் ரேடியோ முன் உட்கார்ந்திருந்தார். 4:30க்குச் சத்தம் வரவில்லை. நேட்டின் உடலோடு கிடைத்த கைக்கடிகாரம் 3:12ல் நின்றிருந்தது. கதை தெரிந்துதான் போயிருந்தேன், இருந்தாலும் அந்த இரண்டு எண்களுக்கு நடுவே அந்தப் பெண் உட்கார்ந்திருந்ததை நினைத்தபோது தொண்டை அடைத்தது. (அந்த விமானத்தின் எலும்புக்கூட்டைப் பார்க்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். பல வருடம் கழித்து ஆற்று மணலிலிருந்து எடுத்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.)

ஓய்வுநாள் பள்ளியில் வராத இரண்டு விஷயங்களை வழிகாட்டி இங்கே சொன்னார். ஐவரிடமும் துப்பாக்கி இருந்தது, அந்த மக்களைச் சுடுவதில்லை என்று முன்னாலேயே முடிவும் செய்திருந்தார்கள். இரண்டாவது, இதன் பின்னால் ஒரு கல்யாணத் தகராறு. ஜனவரி 6ஆம் தேதி ஒரு இளைஞனும் ஒரு பெண்ணும் ஒரு நடுத்தர வயது அம்மாவும் ஆற்றங்கரைக்கு வந்து நட்பாகப் பேசிப் போனார்கள். இளைஞனை விமானத்தில் ஏற்றிச் சுற்றிக்காட்டியும் இருக்கிறார்கள். அந்தப் பையன் அந்தப் பெண்ணோடு தனியாக வந்தது அவள் அண்ணனுக்குத் தெரிந்து ஆத்திரமாகிவிட்டது. தப்பிக்க அவன் ஒரு பொய் சொன்னான்: வெள்ளைக்காரர்கள் எங்களைக் கொல்ல வந்தார்கள். நம்ம ஊரில் இப்படி ஒரு பொய்யில் எத்தனை அரிவாள் தூக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

‘ஆக்கா’ அந்த மக்களின் பெயரே இல்லை. பக்கத்தில் வாழும் கீச்சுவா மக்கள் சொன்ன வசைச்சொல், காட்டுமிராண்டி என்ற அர்த்தத்தில். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது வாவோரானி, அதாவது மனிதர்கள். மற்ற எல்லாரும் கொவோடே. கொவோடே என்றால் ஆளைத் தின்பவர்கள் என்று பயந்து வாழ்ந்திருக்கிறார்கள். ஆக, இரண்டு தரப்பும் மற்றவரைப் பற்றி ஒரே மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் காலை 7 மணி விமானம் 12:10க்குக் கிளம்பியது. ஷெல்லில் மழை என்றால் மழை. இதற்கு நிறுவனத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தில் ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்கலாம். ஏறுவதற்கு முன் பையோடு சேர்த்து எடை பார்க்கிறார்கள், எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொல்கிறார்கள். எனக்கு 91. எங்கள் குழுவில் ஓஹையோவிலிருந்து ஒரு வயதான தம்பதி, கீட்டோவிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை, நான். விமானம் கிளம்பிப் பத்து நிமிடத்தில் சாலை, வீடு, வயல் எல்லாம் முடிந்து கீழே முழுக்கப் பச்சை. நடுவில் காப்பி நிறத்தில் ஆறு வளைந்து வளைந்து போகிறது.

தோன்யாம்பாரே கூராராய் ஆற்றங்கரையில் இருக்கிறது. புல் ஓடுதளம், பள்ளிக்கூடம், தகரக் கூரை வீடுகள், ஓலைக் கூரை வீடுகள், வாலிபால் வலை. நேட்டின் அக்கா ரேச்சல் செயின்ட் அடக்கம் செய்யப்பட்டிருப்பது இங்கேதான். தம்பியைக் கொன்றவர்களோடு வாழப் போனவர். அதற்கு முன்பே, தன் கூட்டத்தை விட்டுத் தப்பி வந்து ஒரு பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்த டாயுமா என்ற வாவோரானிப் பெண்ணிடம் மொழி கற்றிருந்தார். வேறெந்த மொழியோடும் சொந்தம் இல்லாத மொழி அது. 1958ல் டாயுமாவின் வழியாக ரேச்சலும், ஜிம்மின் மனைவி எலிசபெத்தும், எலிசபெத்தின் மூன்று வயது மகளும் திவேனோ என்ற இடத்துக்குப் போய்க் குடியேறினார்கள். எலிசபெத் சில வருடத்தில் திரும்பிவிட்டார். ரேச்சல் 1994ல் சாகும்வரை இந்த மக்களை விடவில்லை.

சுற்றுலாக்காரர்கள் கொடுத்த தாளில் வரலாறு இதற்கப்புறம் மூன்று வரிதான். ஈட்டி எறிந்தவர்கள் விசுவாசிகளானார்கள். 1965ல் அவர்களில் இருவரே நேட்டின் பிள்ளைகளுக்கு இதே ஆற்றில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். 1992ல் புதிய ஏற்பாடு வாவோரானி மொழியில் வந்தது. மூன்றும் உண்மை. ஆனால் சுபம் போட்டுத் திரையை இறக்கியதுபோல இருந்தது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அவித்த மரச்சீனிக்கிழங்கு, வாழைக்காய், இலையில் சுற்றிச் சுட்ட ஆற்று மீன். மீன் பிரமாதம். மரச்சீனிக்குத் தொட்டுக்கொள்ள மீன்குழம்பு இல்லாதது எனக்கு மட்டும்தான் குறையாகப் பட்டிருக்கும். பழுத்த வாழையைப் பிசைந்து கரைத்த பானம் ஒன்று, புளிக்க விடாதது, கெட்டியாக, இனிப்பாக. இரண்டு சொப்பு குடித்தேன். தங்கும் இடம் ஓலைக் கூரை, கொசுவலை, மெத்தை. மெத்தை ஈரமாக இருந்தது. பாதி ராத்திரியில் எழுந்து, சம்பீராப் பனை நாரில் பின்னிய தூளிக்கு மாறிவிட்டேன்.

540 டாலரும் செரித்தது அன்று சாயங்காலம்தான். நிகழ்ச்சி நிரலில் ‘ஓய்வு’ என்று போட்டிருந்த நேரம். நாங்கள் தங்கிய வீட்டுக்காரர் ஸ்பானிஷ் நன்றாகப் பேசுவார், நாற்பத்தைந்து வயது இருக்கும். அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம். “இன்ஹே, நீங்கள் எந்தக் கம்பெனி?” என்றார். என் சட்டையையும் பூட்ஸையும் பார்த்தே பிடித்துவிட்டார். (எண்ணெய்க் கம்பெனிப் பொறியாளர் யாராக இருந்தாலும் இங்கே ‘இன்ஹே’தான்.) சொன்னேன். சங்கடமாக இருந்தது. அவர் சிரித்தார். தானும் இரண்டு வருடம் ஒரு கம்பெனிக்குக் காட்டில் வழி வெட்டியவர்தானாம்.

அப்புறம் அவர் சொன்னதைத்தான் அந்தத் தாளில் நான்காவது வரியாகப் போட்டிருக்க வேண்டும். 1960களின் கடைசியில் எண்ணெய்க் கம்பெனிகள் மறுபடியும் காட்டுக்குள் வந்தன. அவர்களுடைய ஆட்கள் மேல் ஈட்டி பாயக்கூடாது என்றால் வாவோரானிகள் ஓரிடத்தில் இருக்க வேண்டும். சிதறிக் கிடந்த கூட்டங்களைத் தேடி மிஷனெரி விமானம் பறந்தது. ஒலிபெருக்கியில் சொந்த மொழி, சொந்தக்காரர் குரல்: இங்கே வா, மருந்து இருக்கிறது, இங்கே யாரும் குத்துவதில்லை. அவருடைய அப்பா அப்போது சிறுவன். வானத்திலிருந்து சித்தப்பா கூப்பிடுகிறார் என்று ஓடிவந்து பார்த்தாராம். போனார்கள். பெரும்பாலானோர் திவேனோவைச் சுற்றி ஒதுக்கிய ஒரு துண்டு நிலத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். காலியான காட்டில் எண்ணெய்த் தேடல் நடந்தது. 1969ல் இளம்பிள்ளைவாதம் வந்தது. 16 பேர் செத்தார்கள், இன்னும் பலருக்குக் கால் போனது. அந்த மக்கள் மொத்தமே ஐந்நூறு, அறுநூறு பேராக இருந்த காலம். அவருடைய அத்தை கடைசிவரை கோல் ஊன்றித்தான் நடந்தார்.

வர மறுத்தவர்களும் உண்டு. தாகே என்பவரின் கூட்டம் உள்ளே போய்விட்டது. அவர்களைத் தாகேரி என்கிறார்கள். அவர்களும் தாரோமேனானே என்ற கூட்டமும் இன்றுவரை வெளியாட்களைச் சேர்ப்பதில்லை. எண்ணெய்க் கம்பெனி நுழைவதற்கு முன் அவர்களைச் சந்தித்துவிட்டால் காப்பாற்றலாம் என்று, 1987 ஜூலையில் ஆயர் அலெஹாந்த்ரோ லபாக்காவும் அருட்சகோதரி இனேஸ் அராங்கோவும் ஹெலிகாப்டரில் போய் இறங்கினார்கள். இருவரும் ஈட்டியால் குத்தப்பட்டு மரித்தார்கள். கத்தோலிக்கர் என்பதாலோ என்னவோ, எங்கள் பலகையில் அவர்களும் இல்லை.

இதையெல்லாம் கேட்டு, அவர் மிஷனெரிகளைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ரேச்சல் வராமல் இருந்திருந்தால் தான் பிறந்தே இருக்க மாட்டேன் என்றார். தாத்தாவின் மூன்று சகோதரர்களும் பழிக்குப் பழியில் போனவர்கள், அடுத்த முறை தாத்தாவுக்கு. “அவர் கிழவராகித் தூளியில் செத்தார். எங்கள் குடும்பத்தில் அப்படிச் செத்த முதல் ஆள்.” மிகைப்படுத்தல் இல்லை. 1970களில் இங்கே வந்த மானிடவியலாளர்கள் வம்சாவளியைக் கேட்டு எழுதியபோது, முந்தைய தலைமுறைகளின் சாவுகளில் பாதிக்கு மேல் கொலை என்று தெரிய வந்தது. பழிவாங்காதே என்ற அந்த ஒரு சொல்தான் பிடித்துக்கொண்டது என்றார். கடவுளுக்கு வேங்கோங்கி என்று அவர்கள் மொழியில் பழைய பெயரே இருந்தது. இயேசு அவர்கள் வாயில் இத்தோத்தா. எழுத்து இல்லாத மக்களுக்கு வேதாகமம் வேங்கோங்கி செதுக்கி வைத்த அடையாளம், காட்டுப் பாதையில் மரத்தில் வெட்டிப் போவார்களே, அது.

சரி, இப்போது? 2019ல் புயோ நீதிமன்றத்தில், எங்களிடம் ஒழுங்காகக் கேட்காமல் எங்கள் நிலத்தை எண்ணெய்க்கு ஏலம் விடாதே என்று வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். அவரும் போயிருந்தாராம். பெண்கள் பாட்டெடுத்து விசாரணையையே நிறுத்திய கதையைப் பாடியே காட்டினார். 2023 ஆகஸ்டில் யாசுனிக் காட்டின் ஒரு பகுதியில் எண்ணெய் எடுப்பதை நிறுத்தலாமா என்று நாடே வாக்களித்து, கிட்டத்தட்ட 59 சதவீதம் பேர் நிறுத்து என்றார்கள். மறுநாள் எங்கள் முகாம் சாப்பாட்டுக் கூடத்தில் யாரும் யாரோடும் பேசவில்லை. எனக்கும் ராத்திரி தூக்கம் வரவில்லை, வீட்டுக் கடன் இருக்கிறதே. இதையும் அவரிடம் சொன்னேன். அவர் இன்னொரு சொப்பு வாழைப்பானம் ஊற்றினார்.

ஓஹையோ அம்மா நல்லவர், வந்ததிலிருந்து பிள்ளைகளோடுதான் இருந்தார். அவர் வழிகாட்டி மூலமாக, உள்ளே இருக்கும் தாகேரிகளுக்குச் சுவிசேஷம் போக ஜெபிக்கலாமா என்று கேட்டார். வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்தார். “ஜெபியுங்கள். ஆனால் போகாதீர்கள். நாம் போனால் நமக்கு முன்னால் நம் இருமல் போய்விடும்.” ஈக்வடோரின் சட்டமும் அதையேதான் சொல்கிறது, அவர்களைத் தேடிப் போவது குற்றம். வழிகாட்டி முதல் வாக்கியத்தை மட்டும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். எனக்கு இரண்டு மொழியும் தெரிந்ததால் மீதியை நான் சொன்னேன். வழிகாட்டிக்கு என்மேல் வருத்தம்தான்.

மூன்றாம் நாள் தோணியில் ‘ஐவர் மரித்த மணல்திட்டு’. ஒரு வெள்ளை மணல்கரையில் இறக்கி, இதுதான் என்றார்கள். ஓஹையோ ஐயா முழங்காலில் நின்றார், அவர் மனைவி பாட்டுப் பாடினார். நானும் தலைகுனிந்து நின்றேன். தோணிக்குத் திரும்பும்போது வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன், உண்மையிலேயே இதேதானா? ஆறு வருடாவருடம் மணலைத் தின்று வேறு இடத்தில் துப்பும், அந்த மணல் எப்போதோ போய்விட்டது என்றார். அதைச் சொல்லிவிட்டே கூட்டிப்போயிருக்கலாமே? யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கப் போவதில்லை.

‘ஈட்டி எறியும் காட்சி’ இன்னொன்று. ஒரு பையன் கால்பந்து அரைக்கால் சட்டைக்கு மேல் இடுப்புக் கயிறு கட்டிக்கொண்டு, நுனியைச் செதுக்கிய பனை ஈட்டியால் வாழைத்தண்டைக் குத்தினான். படமெடுக்க 5 டாலர். அவனுக்கும் அலுப்பு, எங்களுக்கும் கூச்சம். கீட்டோ ஆசிரியை எழுந்து போய்விட்டார். அந்த அரை மணி நேரத்தில் ஊதுகுழலைப் பற்றி அவனைப் பேசவிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று மீட்டர் நீளம், இரண்டு பாதியாகச் செதுக்கி ஒட்டியது. பிற்பாடு கேட்டபோது அதைப் பற்றி ஆசையாகப் பேசினான்.

பெரிய குறை பணம். ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 20 டாலர் என்று தாளில் போட்டிருக்கிறது. ஒரு நாளுக்கானது மட்டும்தான் வந்தது என்று வீட்டுக்காரர் சொன்னார். ஷெல் திரும்பியதும் கேட்டேன். வானிலை, கணக்கு, அடுத்த வாரம் என்று இழுத்தார்கள். நான் நிற்கும்போதே ரேடியோவில் ஊரைக் கூப்பிட்டுப் பேச வைத்தேன். கொடுத்தார்களா என்று வீட்டுக்காரரிடம் கேட்டு, தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன். நீங்கள் போவதாக இருந்தால் அந்தப் பங்கை ஊரில், ஆட்கள் முன்னால், கையில் கொடுக்கச் சொல்லுங்கள். கைவினைப் பொருட்களுக்கு ஓடுதளக் கடையை விட்டுவிடுங்கள். வாவோரானிப் பெண்கள் சங்கம் செய்து விற்கும் சம்பீரா நார்ப் பைகளும் சாக்லேட்டும் புயோவில் கிடைக்கும். பையை நான் கறிக்காய் வாங்கக் கொண்டுபோகிறேன், 8 கிலோ தாங்குகிறது.

5க்கு 3. அந்தச் சாயங்காலத்துக்கு மட்டும் என்றால் 5. ஸ்பானிஷ் தெரியாதவர்கள் தனியாக ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிப் போங்கள். பூட்ஸ் 42க்கு மேல் அவர்களிடம் இல்லை. நான் கம்பெனி பூட்ஸிலேயே மூன்று நாளும் வழுக்கினேன்.

திரும்பி வந்த ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். ஐவரைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். டோன்யா என்ற பையனைப் பற்றியும் சொன்னேன்: ரேச்சலிடம் படித்த வாவோரானி, பகையாளிக் கூட்டத்துக்குச் சுவிசேஷம் சொல்லத் தானாகப் போய் அங்கேயே கொலையானவன். வீட்டுக்காரர் தூங்கப் போவதற்கு முன் கடைசியாகச் சொன்னது அவனைப் பற்றித்தான். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “அந்தப் பையன் பேரை இன்னொருக்கா சொல்லுல,” என்றார் அம்மா, “இரி, கண்ணாடிய எடுத்துக்கிடுதேன்.”